பேச்சுக் கேட்காத செவ்வாய்க்கிழமைகள்

பள்ளிக்கூட அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,

மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயில் மண்டபத்தில் நீங்கள் கூடிய அன்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். ஒலிவாங்கியைக் கண்டாலே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். "எழுதித் தாறன் பிள்ளைகள்" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். உங்களில் ஒருத்தி விடவில்லை. "அன்ரி, சும்மா சொல்லக்கூடாது. நீங்கள் செய்த பெரிய பிழை ஒண்டை எழுதித் தாங்கோ. மிச்சமெல்லாம் ட்ரெயினிங்கில சொல்லித் தருவினம்" என்றாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே பிழையைத்தான் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பும் தட்டெழுத்தும் படித்தேன், அவ்வளவுதான். எழுபதுகளில் என் கணவருக்கு மெல்பேர்ணில் படவரைஞர் வேலை கிடைத்து வந்தோம். ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில் வாடகைக்கு வீடு எடுத்தோம். இப்போது நல்ல பள்ளிக்கூடத்தின் சேர்க்கை எல்லைக்குள் வரவேண்டுமென்று அங்கே வீடு தேடி அலைகிறார்கள். அன்று வாடகை குறைவு என்றுதான் போனோம். அங்கிருந்து தினமும் ரயிலேறி, நகரத்துக்குக் கிட்ட, தொழிற்சாலைகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் நடுவே இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்குப் போனேன். தட்டெழுத்து, தொலைபேசி, தேநீர் மூன்றும் என் பொறுப்பு.

அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம் இல்லை. கிரேக்கம், இத்தாலியம், துருக்கி என்று தாழ்வாரத்தில் நடந்தாலே பல நாடுகள் காதில் விழும். ஆங்கிலம் கற்பிக்கத் தனியாக ஓர் ஆசிரியர் இருந்தார். ஆனால் ஒரு பிள்ளை ஏன் அழுகிறது, ஏன் சாப்பிடாமல் இருக்கிறது என்று பார்க்க யாரும் இல்லை. அதற்காக அதிபர் விண்ணப்பித்து ஒரு கவுன்சிலரைப் பெற்றார். அவருடைய சம்பளம் பள்ளியின் காசு அல்ல. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய நிதியிலிருந்து, ஒரு வருடத்துக்கு மட்டும் வந்தது. அடுத்த வருடமும் வேண்டுமென்றால் வேலை நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

கவுன்சிலர் என்றால் என்னவென்று முதலில் பலருக்கு விளங்கவில்லை. நகரசபை ஆள் என்று நினைத்து, தெருக் குப்பை அள்ளவில்லை என்று முறையிட வந்த தகப்பன் ஒருவரும் உண்டு. அவரையும் உட்காரவைத்துக் கேட்டார் இந்த அம்மா. நாட்டுப்புறத்தில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். உரத்துச் சிரிப்பார். வந்த முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிட மூத்தவரை, அதுவும் மேலதிகாரியை, எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? 'மிஸ்' என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு வருடம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே, முன்னால் போய் நின்று இருமியே காலத்தைக் கடத்தினேன். அன்று வராத பெயர் இங்கே எழுதவும் வரவில்லை. அவரோ என்னை 'யோகா' என்று சுருக்கிவிட்டார். இங்கே அப்போது யோகா வகுப்புகள் பரவத் தொடங்கியிருந்த காலம். என் பெயர் யாருக்கும் மறக்கவில்லை.

(எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது என் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.)

பழைய சாமான் அறையை ஒட்டுப்பலகையால் இரண்டாகத் தடுத்து, உட்புறத்தை அவருக்குக் கொடுத்தார்கள். தடுப்புக்கு வெளியே என் மேசை. ஒரு தடித்த கொப்பியைத் தந்து, "யோகா, ஆர் வருகினம் எண்டு எழுதி வையும். வேலை நடந்தா ஒரு சரி போடும். நடக்காட்டி ஒரு கோடு" என்றார்.

வேலை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற பிள்ளை வாய்க்காரி. தலையை ஆட்டிவிட்டு, என் புத்திக்கு எட்டியபடி ஒரு முறையை வைத்துக்கொண்டேன். ஆலோசனை என்றால் பேச்சு. தடுப்புக்குப் பின்னால் பேச்சுக் கேட்டால் சரி. கேட்காவிட்டால் கோடு.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அங்கே என்ன நடக்கிறது என்று அறிய எனக்குப் பெரிய ஆவல். கதவைச் சாத்தியதும் தட்டெழுத்து இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிடுவேன். சொற்கள் விளங்காது, குரல் மட்டும் வரும். அழுகை வரும், சில நேரம் சிரிப்பு வரும். சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டே போவேன்.

ஒரே ஒரு பிள்ளை வந்தால் மட்டும் எதுவும் கேட்காது. எமினே என்ற துருக்கிப் பெண். பதின்மூன்று வயது. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வருவாள். கதவைச் சாத்துவாள். பிறகு மணி அடிக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. நான் கோடு போடுவேன். அடுத்த செவ்வாய் இன்னொரு கோடு.

எமினே பள்ளிக்கு வந்து ஒரு வருடமாகியும் யாரோடும் ஒரு சொல் பேசியதில்லை. வீட்டில் நன்றாகக் கதைக்கிறாள் என்றார் தகப்பன். ஆனால் ஆங்கிலத்தில் வைத்த சோதனை ஒன்றில் எல்லாவற்றையும் வெறுமையாக விட்டிருந்தாள். மந்த புத்தியுள்ள பிள்ளைகளுக்கான விசேட பள்ளிக்கு அவளை அனுப்பிவிட வேண்டும் என்று உப அதிபர் நின்றார். ஒருமுறை என் மேசைக்கு முன்னாலேயே அவரும் கவுன்சிலரும் மோதிக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சக் காலம் தாங்கோ" என்றார் கவுன்சிலர்.

"உம்மட பதவி இருக்கிறவரைக்கும் இருக்கட்டும். பதவி போனா, அவளும் போவாள். அவளைப் பார்க்க இஞ்ச வேற ஆர் இருக்கினம்?" என்றார் உப அதிபர்.

ஆக, அந்தப் பதவியில்தான் அந்தப் பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கோடு போட்டேன். கோட்டுக்கும் பதவிக்கும் தொடர்பு உண்டென்று அப்போது தோன்றவில்லை.

வருட முடிவில் படிவம் வந்தது. எந்தப் பிள்ளையுடன் எத்தனை சந்திப்பு என்று ஓர் அட்டவணை கேட்டிருந்தார்கள். கவுன்சிலருக்குப் படிவம் என்றால் வேப்பங்காய். "கொப்பியில இருக்கிறதை அப்பிடியே அடியும்" என்றார். அடித்தேன். சரிகளை எண்ணிப் போட்டேன். எமினேயின் பெயருக்கு எதிரே ஒரு வட்டம்: பூச்சியம். கவுன்சிலர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அது அவருடைய பிழை. என் பிழைக்கு அது சாட்டு ஆகாது.

டிசம்பரில் கவுன்சிலரின் தகப்பனுக்கு நோய் கடுமையாகி, அவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை, நிதி தந்த அரசாங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. பதவியை நீடிக்கும் அளவுக்கு வேலை நடந்ததாகத் தெரியவில்லை, உதவி அதிகம் தேவைப்படுகிறவள் என்று நீங்களே எழுதிய மாணவியுடன் ஒரு சந்திப்பும் இல்லை, ஓர் அதிகாரி நாளை வந்து பதிவைப் பார்ப்பார், இந்தக் கிழமைக்குள் முடிவு. அதிபர் பண்ணை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் ஆஸ்பத்திரியில், ஆள் கிடைக்கவில்லை.

"கொப்பி உம்மட்டத்தானே இருக்கு? நீரே காட்டும்" என்றார் என்னிடம்.

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். கொப்பியைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கோடைகாலம், ஏழு மணிக்கும் வெயில். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இஞ்சரும், முகம் ஏன் இப்பிடி இருக்கு?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்தது. "ஒட்டுக்கேட்டுப் பதிவு எழுதின முதல் ஆள் நீராத்தான் இருப்பீர்."

"பகிடி விடாதேங்கோ. அந்தப் பிள்ளையை அனுப்பிப் போடுவினம்."

அவர் கொப்பியைத் திருப்பிப் பார்த்தார். "கோடுதானே? ஒரு முனையில சின்னதா இன்னொரு கோடு இழுத்தா சரி ஆகிடும். நாள் முழுக்கப் படம் கீறுற எனக்கு இது ஒரு வேலையா? பேனையைத் தாரும்."

"விடுங்கோ, நானே செய்யிறன்" என்றேன்.

மூன்று கோடுகளைச் சரிகளாக்கினேன். மிகச் சுலபமாக இருந்தது. நாலாவது கோட்டின் திகதியைப் பார்த்ததும் கை நின்றது. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. மணி அடித்தபின் எமினே வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். உள்ளே என்ன நடந்தால் ஒரு பிள்ளை பாட்டோடு வெளியே வரும்? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை 'நடக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இப்போது அதே தெரியாததை 'பேசினாள்' என்று மாற்றப் பார்க்கிறேன். இன்னொன்றும் உறைத்தது. கவுன்சிலருடன் கிழமைதோறும் பேசுகிறாள் என்று எழுதிவிட்டால், 'அப்ப வகுப்பில மட்டும் ஏன் ஊமை? திமிர்தானே' என்று உப அதிபர் கேட்பார். பதவி பிழைக்கும், பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

பேனையை மூடி வைத்தேன். மாற்றிய மூன்றும் மாறியபடியே இருந்தன. அழிறப்பரால் தேய்த்தால் தாள் கிழிந்துவிடும்.

மறுநாள் அதிகாரி வந்தார். அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, கழுத்தில் டை. அந்த நாட்களில் கோடையில் இங்கே அதிகாரிகள் அப்படித்தான் உடுப்பார்கள். எங்கள் ஊர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒருவர் அப்படி வந்தால் வாசலிலேயே மறித்திருப்பார்கள். ஆனால் முகம் அரைக் காற்சட்டைக்கு ஏற்ற முகம் அல்ல. உப அதிபர் கூட்டிவந்து கவுன்சிலரின் கதிரையில் உட்காரவைத்துவிட்டு வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் கொப்பியை நீட்டினேன்.

"இந்தக் கோடு என்ன?"

"பேச்சுக் கேக்கேல்லை எண்டு அர்த்தம், சேர்."

"ஆருக்குக் கேக்கேல்லை?"

"எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். ஒட்டுப்பலகைத் தடுப்பைப் பார்த்தார். எழும்பிப் போய் விரல் மடக்கித் தட்டினார். டொக் டொக் என்றது. "இதுக்கு அங்கால இருந்தோ?"

"ஓம், சேர்."

உப அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

அதிகாரியின் விரல் தாளில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. "இந்த மூண்டும் வேற மை."

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லத் தெரியவில்லை. "நேற்று நான் மாத்தினனான். அந்த நாளிலயும் ஒண்டும் கேக்கேல்லை."

"மிச்சத்தை ஏன் மாத்தேல்லை? மை முடிஞ்சு போச்சோ?"

"மை இருந்தது, சேர். கேக்கேல்லை எண்டதுதான் எனக்குத் தெரியும். நடக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது. நான் கோடு போட்டது பிழை. ஆனா அவள் ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிடேல்லை."

"கதைச்சதுக்கும் ஆதாரம் இல்லை, கதைக்காததுக்கும் ஆதாரம் இல்லை. நான் என்னத்தை எழுதிக்கொண்டு போறது?"

அப்போது மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை. எமினே வந்தாள். கவுன்சிலர் ஊரில் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்ல மறந்திருந்தேன்.

கதவடியில் நின்று, தெரிந்த கதிரையில் தெரியாத மனிதரைப் பார்த்தாள். நான் கையைக் காட்டி, மிஸ் இல்லை, போ என்று சைகை செய்தேன். "அவளிட்ட ஒண்டும் எதிர்பாராதேங்கோ, சேர்" என்றார் உப அதிபர்.

அவள் போகவில்லை. உள்ளே நடந்து, அலுமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கற் தகரத்தை எடுத்தாள். தன் கதிரையில் உட்கார்ந்தாள். தகரத்தைத் திறந்து இரண்டு துணிகளையும் ஊசி நூலையும் வெளியே வைத்தாள். ஒரு துணியை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை அதிகாரியிடம் நீட்டினாள். பிறகு எழும்பி வந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவை அரைவாசி சாத்தினாள்.

நான் ஒட்டுக்கேட்பது அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது!

உப அதிபர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். என் மேசையிலிருந்து பார்த்தால் அதிகாரியின் வெள்ளைக் காலுறைகள் மட்டும் தெரிந்தன. முதலில் காலுக்கு மேல் கால். மேல் கால் பொறுமையில்லாமல் ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. பிறகு இரண்டு பாதமும் நிலத்தில் ஊன்றி, முழங்கால்கள் நெருங்கின, மடியில் எதையோ கவனமாகப் பிடித்திருப்பவரைப்போல. சத்தம் இல்லை. ஒரே ஒரு முறை "ஆ!" என்று அவருடைய குரல் வந்தது. ஊசி குத்தியிருக்கும். அதற்குப் பிறகு பாடவேளை முடியும்வரை நான் காது கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடித்தது. எமினே தகரத்தை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அதிகாரி விரலில் கைலேஞ்சியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"தலைத்துண்டின்ர ஓரத்துக்கு ஊசியால றேந்தை பின்னுறாள், நூலாலேயே பூப் பூவா. கண்ணுக்கு இலேசாத் தெரியுது, கைக்கு வரேல்லை. தகரத்துக்குள்ள ரெண்டு துணி. ஒண்டு அருமையான வேலை. மற்றது என்னைப்போல ஆரோ செய்தது. உங்கட கவுன்சிலராத்தான் இருக்கவேணும். நான் செய்த ரெண்டு வரியையும் அவள் பிரிச்சுப்போட்டு முதலிலயிருந்து தொடங்கச் சொன்னாள்."

"சொன்னாளோ?" என்று கேட்டுவிட்டேன்.

"வாயால இல்லை."

கொப்பியை என் பக்கம் தள்ளினார். "இண்டைக்கு என்ன போடப் போறீர்?"

வேறு ஒன்றும் தோன்றவில்லை. என் முறைப்படி கோடு போட்டேன். அவர் அதைப் பார்த்தார். என் பேனையை வாங்கி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். மற்ற எந்தக் கோட்டிலும், என் மூன்று சரிகளிலும் கை வைக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதவி இன்னும் ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. ஆனால் கிழமைக்கு மூன்று நாள்தான். எந்த நாட்கள் வேண்டும் என்று பள்ளியே தீர்மானிக்கலாம் என்றார்கள். செவ்வாய் உள்ளே இருந்தது. எமினே பள்ளியில் இருந்தாள்.

கவுன்சிலர் திரும்பி வந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கம்போல முன்னால் போய் இருமிவிட்டு. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எத்தினை பிள்ளையள் அழுததைக் கேட்டனீர்?"

அவர் என் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, மறுபக்கத்தைத் தூக்கச் சொல்லிக் கண் காட்டினார். இருவருமாகத் தூக்கித் தாழ்வாரத்தின் அடுத்த கரையில் வைத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே அதன்மேல் ஏறி உட்கார்ந்து சொன்னார்: "அவளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நாள் முழுக்க எல்லாரும் சொல்லினம், யோகா. கிழமையில ஒரு பாடவேளை, அவளுக்குத் தெரிஞ்சதும் எனக்குத் தெரியாததும் மேசையில இருக்கட்டும் எண்டு நினைச்சன். இதை உமக்கு முதலே சொல்லியிருக்கவேணும். நீரும் கேட்டிருக்கவேணும்."

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதில் கடைசி வசனம்தான். உங்கள் கணினித் திரையிலும் கட்டங்கள் வரும், நிரப்பச் சொல்வார்கள். நிரப்புவதற்கு முன், இதில் எதை எண்ணுகிறோம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் அதன்பிறகு கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பள்ளிக்கூடத்தை மூடி என்னையும் வீட்டுக்கு அனுப்பிய நாளில்கூட, கடைசிப் படிவத்தில் இரண்டு கேள்வி கேட்டேன்.

புது வருடத்துக்குப் புதுக் கொப்பி எடுத்தோம். சரியும் இல்லை, கோடும் இல்லை. பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். முதல் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை, எமினே தாழ்வாரத்தால் வந்தாள். நேரே அறைக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தாள். கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். என் கையிலிருந்து பேனையை எடுத்து, தன் பெயரை எழுதி, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தையும் எழுதினாள். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியே வந்த நேரத்தை எழுத மறந்துவிட்டாள். அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை.